லெபோ பசார் மசாலாக் கடையின் இணையத்தளத்தை இடம் மாற்றிய பதிவு

பினாங்கு, ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் கறித்தூள் அரைத்து விற்கும் ஒரு கடையின் இணையத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றி, அதன் டொமைன் பெயரையும் கடைக்காரரின் கைக்கே கொண்டுவந்து சேர்த்த வேலையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடையை நடத்தும் அக்காவுக்குக் கணினி புதியதன்று. வரவு செலவு முழுவதையும் அவரே எக்செல்லில் வைத்திருக்கிறார். ஆனாலும் டொமைன், ஹோஸ்டிங், டிஎன்எஸ் என்று யாராவது தொடங்கினால், "எவ்வளவு கட்டணும்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று பேச்சை முடித்துவிடுவார். அவரைப் போன்ற சிறு வணிகர்கள் தங்கள் தளத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்வதற்காக, ஒவ்வொரு சொல்லையும் அது வேலையில் எதிர்ப்பட்ட இடத்திலேயே விளக்கியிருக்கிறேன்.

தளத்தின் நிலைமை இதுதான். கைத்தொலைபேசியில் திறந்தால் முகவரிக்கு அருகில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை தோன்றியது. படங்கள் ஊர்ந்து ஊர்ந்து வந்தன. தீபாவளிக்கு முன் விலைப்பட்டியலை மாற்ற வேண்டுமென்றால், தளத்தை முதலில் வடிவமைத்துக் கொடுத்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்காவிடம் இருந்த ஒரே ஆவணம், அந்த வடிவமைப்பாளர் ஆண்டுதோறும் அனுப்பும் பில். அதில் 'வெப்சைட் கட்டணம்' என்று ஒரே வரியும் அதற்கு நேராக ஒரு தொகையும் மட்டுமே இருந்தன.

அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் ஒளிந்திருந்தன. முதலாவது டொமைன் பெயர், அதாவது வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் முகவரி. இரண்டாவது ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும், இரவும் பகலும் இணைப்பிலேயே இருக்கும் ஒரு கணினியில் பெற்ற இடம்; அந்தக் கணினியைத்தான் சர்வர் என்கிறோம். மூன்றாவது அந்தக் கோப்புகளே. வணிகப் பதிவுச் சான்றிதழ் தம் பெயரில் இருக்க, கடை மட்டும் வாடகைக் கட்டடத்தில் இருப்பதையும், கட்டடம் மாறினால் சரக்கைத் தாமே ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதையும் அக்கா நன்கு அறிவார். டொமைன் அந்தச் சான்றிதழ் போன்றது, ஹோஸ்டிங் வாடகைக் கட்டடம் போன்றது, கோப்புகள் சரக்கு போன்றவை என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ அந்தச் சான்றிதழ் இப்போ யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். இந்த வேலை முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுவே என்று நினைக்கிறேன்.

விடை தேடுவதற்கு முன் ஒரு சிறு தெளிவு. இணையம் வேறு, வலை வேறு. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினி வலையமைப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பாடு. அது இன்றும் பின்பற்றும், கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் விதிகளான டிசிபி/ஐபி நெறிமுறைக்கு அதன் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மாறியது. வலை என்பது அந்த ஏற்பாட்டின் மீது ஓடும் சேவைகளுள் ஒன்று. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் அதை முன்மொழிந்தார், 1993 ஏப்ரலில் அந்நிறுவனம் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மின்னஞ்சலும் புலனமும் (வாட்ஸ்அப்) வலையைச் சார்ந்தவை அல்ல. அவை இணையத்தில் தங்கள் சொந்த வழிகளில் ஓடுகின்றன. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தளத்தை மாற்றும்போது மின்னஞ்சல் தனியாகக் கெட்டுப்போகக்கூடும், அதைப் பின்னால் பார்ப்போம்.

டொமைன் யார் பேரில் இருக்கிறது என்பதை ஹூயிஸ் என்ற தேடலில் பார்க்கலாம். கடையின் பெயர் 'டாட் காம் டாட் மை' என்று முடிவதால், மலேசியாவின் 'டாட் மை' பெயர்களைப் பராமரிக்கும் மைநிக் நிறுவனத்தின் ஹூயிஸ் பக்கத்தில் தேடினோம். பெயரை விற்ற முகவர், காலாவதியாகும் தேதி, அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர்ச் சர்வர்கள் ஆகியவை வந்தன. டொமைன் உலகில் மூன்று தரப்பினர் உண்டு: பதிவேட்டை வைத்திருப்பவர் (இங்கே மைநிக்), அவருக்காகப் பெயரை விற்கும் முகவர், பெயரைத் தம் பேரில் பதிந்து உரிமை பெற்றவர். மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டியவர் கடைக்காரர். 'டாட் காம் டாட் மை' பெயர்களை மலேசியாவில் பதிவுபெற்ற வணிகங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதால் கடையின் பெயர் உரிய இடத்தில் இருந்தது. ஆனால் முகவரின் தளத்தில் அந்தப் பெயரை நிர்வகிக்கும் கணக்கு வடிவமைப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தது. புதுப்பிக்கும்படி வரும் நினைவூட்டலும், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அவருக்கே போகும். காகிதத்தில் உரிமை ஒருவருக்கும் சாவி இன்னொருவருக்கும் இருந்த நிலை அது.

வடிவமைப்பாளரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. வேறு தொழிலுக்குப் போய்விட்டார், செய்திகளுக்கு மெதுவாகப் பதில் தந்தார், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தக் கணக்குப் பூட்டப்பட்டுவிட்டால், புதுப்பிக்கத் தவறிய பெயரை நாளடைவில் வேறொருவர் பதிந்துகொள்ள முடியும். ஆகவே மற்ற எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன், வணிகப் பதிவுச் சான்றிதழின் நகலையும் கோரிக்கைக் கடிதத்தையும் முகவரிடம் கொடுத்து, நிர்வாகக் கணக்கை அக்காவின் பெயரில் திறந்த புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டோம். அந்தக் கணக்கிற்கு மின்னஞ்சல் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே டொமைனில் அமைந்த மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் முடங்கும் நாளில் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே முடங்கிவிடும். மீட்கும் கடிதம் வந்து சேர இடம் இருக்காது.

இந்த இடத்தில் அக்கா, கடைப் பெயரைத் தமிழிலேயே முகவரியாக வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் முகவரிகளே உண்டு. மலேசியாவுக்குரிய உள்ளூர் எழுத்து முகவரி, மலாய் மொழியை அரபு எழுத்துகளில் எழுதும் ஜாவியில் அமைந்தது. முகவரியைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு அடிப்படையில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைக்கோட்டையும் கொண்டு இயங்குவதால், தமிழ்ப் பெயர் உள்ளுக்குள் 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளும் இரண்டு இடைக்கோடுகளும் முன்னால் வரும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்படுகிறது. சில செயலிகளில் அந்தச் சரமே வெளியே தெரிந்துவிடும்; பார்ப்பவர் அதை மோசடி இணைப்பு என்று எண்ணக்கூடும். பையின் மேல் அச்சடித்துக் கொடுக்கும் முகவரிக்கு அது பொருந்தாது என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது, பெயருக்கும் சர்வருக்கும் உள்ள தொடர்பு. கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரி என்ற எண்ணால் அடையாளம் காண்கின்றன. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக நாம் பார்ப்பது ஐபியின் நான்காம் பதிப்பு. அது 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமுள்ளது என்பதால் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே அதில் சாத்தியம், அவை போதாமல் போனதால் 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பும் இப்போது உடன் ஓடுகிறது. கடையின் சர்வர் எண்ணைக் கண்டுபிடித்து உலாவியில் நேராகத் தட்டியபோது கடையின் பக்கம் வரவில்லை, ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெற்றுப் பக்கம் ஒன்று வந்தது. அக்காவின் தம்பி மகன் தளம் அழிந்துவிட்டதோ என்று பதறினார். விஷயம் வேறு: மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே எண்ணின் கீழ் பல தளங்கள் குடியிருக்கும், எந்தத் தளம் வேண்டும் என்பதை உலாவி தன் கோரிக்கையோடு பெயராக அனுப்பினால்தான் சர்வர் அதற்குரிய கோப்பை எடுத்துத் தரும். எண்ணை மட்டும் தந்தால் அதற்கு ஆள் தெரியாது.

பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். பால் மொக்காபெட்ரிஸ் 1983இல் இதை வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் பட்டியலாக இருந்தன, வேண்டியவர்கள் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். டிஎன்எஸ் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் முதலில் வேர்ச் சர்வர்களை அணுகி 'டாட் மை' யாருடைய பொறுப்பு என்று கேட்கும். பிறகு அந்தப் பொறுப்பாளரிடம் கடையின் பெயரைக் கேட்கும். அவர் கடையின் பெயர்ச் சர்வரைக் காட்டுவார். அந்தப் பெயர்ச் சர்வர்தான் இறுதியாக எண்ணைச் சொல்லும். வேர்ச் சர்வர்களுக்கு 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் மிகப் பல கணினிகள் இருக்கின்றன.

கோப்புகளை இறக்கும் வேலை எளிதாக முடிந்தது. எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற வழியில் பழைய சர்வருக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்தேன். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் அமைந்த தளமாக இருந்தால் கோப்புகளோடு தரவுத்தளத்தையும் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். எழுத்துகளெல்லாம் அதற்குள்தான் இருக்கும். கடையின் தளமோ கையால் எழுதிய சில எச்டிஎம்எல் பக்கங்கள் மட்டுமே. எச்டிஎம்எல் என்பது 'இது தலைப்பு, இது பத்தி, இது படம்' என்று பக்கத்தின் உறுப்புகளைக் குறித்துக் காட்டும் குறிமொழி. நிறம், எழுத்தளவு, இடைவெளி முதலியவற்றைச் சொல்லும் சிஎஸ்எஸ் வேறொரு கோப்பில் இருக்கும். கணினியில் எந்தப் பக்கத்தையும் வலப்பொத்தானால் சொடுக்கி மூல நிரலைப் பார்க்கலாம். தொடக்கநிலையினர் ஒரு முறையாவது அதைச் செய்து பார்க்க வேண்டும். புரியாவிட்டாலும், திரையில் தெரிவது ஓர் எழுத்துக் கோப்பிலிருந்து எழுந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

புதிய சர்வரில் கோப்புகளை ஏற்றியதும் உலகத்துக்குத் திறந்துவிடவில்லை. என் கணினியில் மட்டும் கடையின் பெயர் புதிய எண்ணுக்குப் போகும்படி செய்து சோதித்தேன். டிஎன்எஸ் வருவதற்கு முன்னிருந்த அந்தப் பட்டியல் கோப்பின் வாரிசு ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று இறங்கினால் கிடைக்கும். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, புதிய ஐபி எண், ஓர் இடைவெளி, கடையின் முகவரி என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நோட்பேட் அந்தக் கோப்பின் பெயரோடு 'டிஎக்ஸ்டி' என்ற வாலை ஒட்டிவிட்டால் அது வேலை செய்யாது என்பதையும், சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சோதனையில் தெரிந்தவைதான் இந்த வேலையின் சுவையான பகுதி. முதல் பக்கத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. 'மீன் கறித்தூள்' என்றிருந்த இடத்தில், தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வரிசையாக நின்றன. இந்தக் கோலத்தை ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால் எங்கே கண்டாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை, அதாவது எட்டு எட்டு பிட்டுகளான மூன்று துண்டுகளை, எடுத்துக்கொள்கிறது. தமிழில் எதை எழுதினாலும் முதல் பைட் ஒன்றே. இரண்டாம் பைட்டுக்கு இரண்டே வாய்ப்புகள்தான் உண்டு. மேற்கத்திய மொழிகளுக்கான பழைய குறியீட்டில் அந்த முதல் பைட்டுக்கு உரிய எழுத்து கோடு போட்ட 'ஏ', இரண்டாவதற்கு உரியவை வணிகப் பதிவுக் குறியும் மேல்கோடும். கோப்பு பழுதாகவில்லை, மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதை உலாவி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது.

பழைய சர்வரில் சரியாகத் தெரிந்தது எப்படி என்று கேட்டால், அங்கே சர்வரே ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்பும்போது 'இது யுடிஎஃப்-8' என்று தலைப்பில் எழுதி அனுப்பியது. புதிய சர்வர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலும் அந்த அறிவிப்பு எழுதப்படவில்லை. ஆகவே உலாவி ஊகித்தது. ஒவ்வொரு எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியிலும் குறியீட்டைச் சொல்லும் மெட்டா வரியைச் சேர்த்ததும் தமிழ் திரும்பிவிட்டது. நம் ஊரில் பல பழைய சங்கத் தளங்களும் கோயில் தளங்களும் எழுத்து உடைந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், யூனிகோடு பரவுவதற்கு முன் அந்தந்த எழுத்துருவுக்கென்றே அமைந்த குறியீடுகளில் அவை எழுதப்பட்டிருப்பது. முதல் வகைக்கு ஒரு வரி போதும். இரண்டாம் வகைக்கு உரை முழுவதையும் குறியீடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, சில படங்கள் வரவில்லை. அந்த இடங்களில் கிழிந்த படத்தின் சிறு சின்னம் மட்டும் இருந்தது. அந்தப் படங்களின் முகவரியைத் தனியாகத் திறந்தால் 404 என்று வந்தது. சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலோடு தரும்: 200 என்றால் கிடைத்தது, 301 என்றால் நிலையாக இடம் மாறிவிட்டது, 403 என்றால் அனுமதி இல்லை, 404 என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, 500 என்றால் கோளாறு சர்வர் பக்கத்தில். தவறு யாருடைய பக்கம் என்பதை முதல் இலக்கமே சொல்லிவிடும்; நான்கில் தொடங்கினால் கேட்டதில் பிழை, ஐந்தில் தொடங்கினால் தருபவரிடம் பிழை. படக் கோப்புகள் சர்வரில் இருந்தும் 404 வந்ததற்குக் காரணம், பழைய சர்வர் விண்டோஸில் ஓடியது, புதியது லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடுகிறது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். கேமரா பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று சேமித்ததை, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்துக்கு மாற்றினேன்.

அதோடு படங்களின் எடையையும் குறைத்தேன். கைத்தொலைபேசியில் எடுத்த 4000க்கு 3000 புள்ளிப் படம் ஒன்று ஏறக்குறைய 4 எம்பி; அப்படி 20 படங்கள் ஒரே பக்கத்தில் இருந்தால் 80 எம்பி. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள், ஒரு பைட் எட்டு பிட். ஆகவே விநாடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகமுள்ள கைத்தொலைபேசி இணைப்பில் அந்தப் பக்கம் முழுமையாக இறங்க 80 விநாடி ஆகும். அவ்வளவு நேரம் எந்த வாடிக்கையாளரும் மிளகாய்த்தூளுக்காகக் காத்திருக்க மாட்டார். 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்ததில் ஒவ்வொன்றும் 150 கேபி அளவுக்கு வந்தது. கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. தளம் மெதுவாக இருக்கிறது என்று விலை கூடிய ஹோஸ்டிங்கை விற்பவர்கள், இதை முதலில் பார்க்கச் சொல்வதில்லை.

இப்போது மின்னஞ்சல். டிஎன்எஸ் பதிவுகளில் 'ஏ' என்ற வகை, பெயரைத் தளத்தின் ஐபி எண்ணோடு இணைக்கிறது. 'எம்எக்ஸ்' என்ற வகை, அந்த டொமைனுக்கு வரும் மின்னஞ்சலை எந்தச் சர்வரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று சொல்கிறது. 'டிஎக்ஸ்டி' வகையில், அந்த டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை எழுதி வைப்பார்கள். பெயர்ச் சர்வரையே புதிய நிறுவனத்துக்கு மாற்றும்போது, பழைய பதிவுகள் தாமாகப் பின்தொடர்ந்து வருவதில்லை. ஆகவே மாற்றுவதற்கு முன் அவை அனைத்தையும் திரையில் திறந்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். அக்காவுக்கு ஈப்போவிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் மொத்தக் கொள்முதல் ஆணைகள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. தளம் ஒரு நாள் தெரியாமல் போனால் பரவாயில்லை, ஓர் ஆணை தொலைந்தால் நட்டம். புதிய சர்வரில் அதே பெயரில் அஞ்சற்பெட்டியைத் திறந்து, ஐமேப் வழியாகப் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் ஒரே மின்னஞ்சல் செயலியில் பக்கம் பக்கமாக வைத்து, பழைய கடிதங்களை இதிலிருந்து அதற்கு இழுத்து விட்டோம். ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரிலேயே தங்கும். பாப் முறையில் அவை கணினிக்கு இறங்கிவிடும், பெரும்பாலும் சர்வரிலிருந்து நீங்கியும்விடும். பாப் பயன்படுத்துபவர்கள் இடம் மாறும்போது பழைய கணினியைத் தூக்கிப் போடக் கூடாது.

பெயரைப் புதிய எண்ணுக்குத் திருப்பும் நாளைப் பற்றிப் பலரும் சொல்வது, மாற்றம் உலகெங்கும் பரவ இரண்டு நாள் ஆகும் என்பது. உண்மையில் எதுவும் எங்கும் அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வரும் ஒரு முறை கேட்டறிந்த விடையைக் குறிப்பிட்ட நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நேரம் முடிந்ததும் மறுபடி கேட்கிறது. எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது. விநாடிக் கணக்கில் இருக்கும். கடையின் பதிவில் அது 86400, அதாவது ஒரு முழு நாள். முதலில் அதை 300 ஆக்கினோம், அதாவது ஐந்து நிமிடம். பழைய 86400ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் மறப்பதற்கு ஒரு நாள் காத்திருந்து, அதன் பிறகே பழைய பெயர்ச் சர்வரில் இருந்தபடி 'ஏ' பதிவின் எண்ணை மாற்றினோம். பெயர்ச் சர்வரை மாற்றுவதைப் பின்னால் அவசரமின்றிச் செய்துகொண்டோம். இந்த வரிசையைப் பின்பற்றினால் குழப்பத்தின் காலம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும்.

அப்படியும் அக்காவின் கைத்தொலைபேசியில் பழைய பக்கமும் தம்பி மகனுடையதில் புதிய பக்கமும் வந்தன. மடிக்கணினியில், பெயருக்கு டிஎன்எஸ் எந்த எண்ணைத் தருகிறது என்று காட்டும் 'என்எஸ்லுக்கப்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது புதிய எண்ணே வந்தது. ஆகவே கோளாறு டிஎன்எஸ்ஸில் இல்லை. அக்காவின் உலாவி, முன்பு இறக்கிய பக்கத்தையும் படங்களையும் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொண்டு அதையே காட்டியது. இதைக் கேஷ் என்கிறார்கள். அந்தச் சேமிப்பைப் பயன்படுத்தாத மறைமுகச் சாளரத்தில் திறந்ததும் புதிய பக்கம் வந்தது. குக்கி என்பது இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு பொருள். தளம் உங்களை மறுபடி அடையாளம் காண்பதற்காக உலாவியிடம் கொடுத்து வைக்கும் சிறு குறிப்பு அது. 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவியில் லூ மொண்டுல்லி அதைப் புகுத்தினார். வாங்குவோர் கூடையோ உள்நுழைவோ இல்லாத இந்தத் தளத்துக்கு அது தேவைப்படவில்லை.

எஞ்சியது அந்தப் 'பாதுகாப்பற்றது' எச்சரிக்கை. எச்டிடிபி என்பது உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை. எச்டிடிபிஎஸ் என்பது அதே பேச்சு, இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது. 2018 ஜூலையில் வெளிவந்த குரோம் 68 முதல், மறையாக்கம் இல்லாத எல்லாத் தளங்களுக்கும் அந்த உலாவி இந்த எச்சரிக்கையைக் காட்டுகிறது. மறையாக்கத்துக்குச் சான்றிதழ் ஒன்று வேண்டும். சர்வர் உண்மையிலேயே அந்த டொமைனுக்கு உரியதுதான் என்று ஒரு மூன்றாம் தரப்பு சோதித்துத் தருவது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து இதை இலவசமாகத் தருகிறது. அதன் சான்றிதழ் 90 நாள் செல்லும், அது முடியும் முன் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். டொமைன் புதிய எண்ணுக்குத் திரும்பும் முன் இந்தச் சான்றிதழை வழக்கமான முறையில் கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் சோதனைக்கு வருபவர் பழைய சர்வருக்குத்தான் போய்ச் சேர்வார். வடிவமைப்பாளரிடமிருந்து இதற்கெனக் கூடுதல் கட்டணம் கேட்டு ஒரு முறை செய்தி வந்திருந்ததாக அக்கா சொன்னார். கடைத் தளத்துக்கு இலவசச் சான்றிதழே போதும். சில உலாவிகள் முகவரிக்கு அருகில் காட்டும் பூட்டுச் சின்னம், வழி பாதுகாப்பானது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நாணயமானவர் என்று சொல்லவில்லை. போலி வங்கித் தளங்களுக்கும் பூட்டு உண்டு.

சான்றிதழ் ஏறியவுடன் தளம் அலங்காரம் முழுவதையும் இழந்தது: வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நீலக் கோடிட்ட இணைப்புகள், எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. சிஎஸ்எஸ் கோப்பின் முகவரி பக்கத்துக்குள் 'எச்டிடிபி' என்று முழுமையாக எழுதப்பட்டிருந்தது. பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற வழியில் வரும் அத்தகைய கோப்பை உலாவி தடுத்துவிடும். சிஎஸ்எஸ் என்ன செய்கிறது என்பதை அக்காவுக்குக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது. முகவரியைத் திருத்தியதும் மஞ்சளும் சிவப்பும் திரும்பின. பிறகு, பழைய 'எச்டிடிபி' முகவரியில் வருபவர்களை 301 மூலம் புதியதற்குத் திருப்பிவிட்டோம். அச்சடித்து விநியோகித்த பைகளில் பழைய முகவரிதான் இருக்கிறது.

அக்காவிடம் ஒப்படைத்த குறிப்பேட்டில் முகவரின் பெயர், ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர், இரண்டின் காலாவதித் தேதிகள், எந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பவை இருக்கின்றன. டிஎன்எஸ் பதிவுகளின் அச்சுப் பிரதியும் ஒட்டப்பட்டிருக்கிறது. கடவுச்சொற்கள் அதில் இல்லை. பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தவில்லை. அங்குள்ள வருகைப் பதிவில் ஒவ்வொரு வரியும் வந்தவரின் ஐபி எண், நேரம், கேட்ட பக்கம், கிடைத்த பதில் எண், உலாவியின் பெயர் என்று இருக்கும். சில வாரங்கள் கழித்து அதில் தேடுபொறிகளின் தானியங்கிகளும், இல்லாத வேர்ட்பிரஸ் உள்நுழைவுப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் வேற்றாள் நிரல்களும் மட்டுமே தென்பட்டன. பழைய அஞ்சற்பெட்டியிலும் புதிய கடிதம் எதுவும் விழவில்லை. அதன் பிறகே பழைய கணக்கை மூடும்படி எழுதினோம். அடுத்த ஆண்டுக்கான பில் வரும்போது டொமைனுக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று என்று இரண்டு வரும்.